புலிகுத்திக் கல்லும் ஒரு கிடாரியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். பாலவாக்கம் குப்பத்துப் பெண். கடலைத் தவிர வேறெதுவும் பார்க்காமல் வளர்ந்தவள், கல்யாணமாகிக் கோத்தகிரி பக்கம் ஒரு சிற்றூருக்குப் போனாள். கணவருக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வீட்டில் இரண்டு கறவை மாடு, ஒரு கிடாரி. அந்தக் கிடாரி முதல் சினையில் இருந்தது. ராத்திரி சிறுத்தை வந்து, கொட்டகையின் பலகைக் கதவைத் தள்ளி, கிடாரியை அடித்துத் தேயிலைச் செடிகளுக்குள் இழுத்துப் போய்விட்டது. பாதியைத் தின்றுவிட்டு மீதியை அங்கேயே போட்டிருந்தது.

"டீச்சர், பக்கத்து வீட்டு அண்ணன் ஒண்ணு சொல்றாரு. மிச்சம் கிடக்கிற கறியில வயலுக்கு அடிக்கிற மருந்தைத் தடவி வெச்சிடு, ராத்திரி திரும்பி வந்து தின்னுட்டு அதுவே போய்ச் சேர்ந்துடும்னு சொல்றாரு. அது தப்பா டீச்சர்?"

நான் டீச்சர் மாதிரியே பதில் சொன்னேன். "சட்டப்படி பெரிய குற்றம்மா. ஜெயிலுக்குப் போக வேண்டி வரும். செய்துடாதே."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "சரி டீச்சர். சிறுத்தைக்குச் சட்டம் இருக்கு. என் கிடாரிக்கு என்ன இருக்கு?" போனை வைத்துவிட்டாள்.

முப்பத்து நான்கு வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு வரி பதில் இல்லை. அதற்குப் பிறகு கையில் கிடைத்த புத்தகங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். நான் காட்டு விலங்கு நிபுணர் இல்லை. ஒரு வரலாற்று டீச்சர் எவ்வளவு புரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவுதான் இது.

முதலில் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கல்.

கொங்குச் சொந்தங்களுக்குத் தெரியும். தாராபுரம் பக்கம் எங்கள் அப்புச்சி ஊரில், காட்டுக்குப் போகிற வழியில் ஒரு பலகைக் கல் நிற்கும். அதில் ஒரு ஆள், எதிரே பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலி. ஆளின் ஈட்டி புலியின் வயிற்றில். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். மாட்டுப் பொங்கலன்று அதற்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, பொங்கல் படைத்துவிட்டுத்தான் கட்டுத்தரைக்கு வருவார்கள். "யாருங்க அப்புச்சி இது?" என்று கேட்டால், "பட்டியைக் காத்த சாமி கண்ணு" என்பார்.

இதைத்தான் புலிகுத்திக் கல் என்கிறோம். நடுகற்களில் ஒரு வகை. கொங்கு நாட்டிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் நிறைய உண்டு. நடுகல் என்றால் பெரும்பாலும் ஆநிரை கவர்தலும் மீட்டலும் நினைவுக்கு வரும். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகல்கூட ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுத்ததுதான். மாட்டைக் கவர வந்த மனிதனோடு சண்டை போட்டவனுக்கும் கல், மாட்டைக் கவர வந்த புலியோடு சண்டை போட்டவனுக்கும் கல். மாடுதான் செல்வம் என்றிருந்த காலத்தில் இரண்டும் ஒரே மாதிரி வீரம்தான்.

அந்தக் கல்லை இப்போது மறுபடி நினைத்துப் பார்க்கும்போது, சின்ன வயதில் தோன்றாத மூன்று விஷயங்கள் தோன்றின.

ஒன்று, அந்த மனிதன் குத்தியது பட்டிக்கு வந்த புலியை. எங்கோ மலையில் தன் பாட்டுக்கு இருந்த புலியை இல்லை. இரண்டு, அவன் தன் உயிரைப் பணயம் வைத்தான். கல் எடுத்திருப்பதே அவன் செத்ததால்தான். மூன்று, ஊர் அவனுக்குக் கடன்பட்டிருப்பதை ஒத்துக்கொண்டது. கல் வைத்தது, பொங்கல் வைத்தது, இத்தனை தலைமுறை மறக்காமல் இருந்தது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருகிற கதையில் இவை ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

வெள்ளைக்காரன் ஆட்சிக்கு வருவோம். காட்டை வெட்டி நிலமாக்கினால் வரி. அந்த நிலத்தை உழ மாடு வேண்டும். மாட்டைப் புலி அடித்தால் உழவும் நின்றது, வரியும் நின்றது. ஆகவே புலி, சிறுத்தை, ஓநாய் எல்லாம் சர்க்கார் கணக்கில் ஆபத்தான மிருகங்கள் ஆயின. கொன்றவர்கள் அத்தாட்சியைக் காட்டிப் பரிசுப் பணம் வாங்கலாம். எத்தனை மனிதர்கள், எத்தனை கால்நடைகள், பதிலுக்கு எத்தனை மிருகங்கள் என்று ஆண்டுதோறும் அட்டவணை போட்டார்கள்.

அந்தக் கணக்குகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் தரும் எண்கள்: 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் 80,000க்கும் மேற்பட்ட புலிகள், 1,50,000க்கும் மேற்பட்ட சிறுத்தைகள், ஏறத்தாழ 2,00,000 ஓநாய்கள் கொல்லப்பட்டன. நான் பத்தாம் வகுப்பில் ரயில், தபால், தந்தி என்று ஆங்கிலேயர் கொண்டு வந்ததை எல்லாம் வரிசையாக எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த எண்ணை ஒரு தடவைகூடக் கரும்பலகையில் எழுதியதில்லை.

இதில் எத்தனை புலி பட்டிக்கு வந்த புலி? யாருக்குத் தெரியும்! பரிசுப் பணத்துக்கு அந்தக் கேள்வியே கிடையாது. புலி என்றால் போதும், பணம். கல்லில் இருந்த முதல் விஷயம் இங்கே போயிற்று. துப்பாக்கியும் கண்ணியும் விஷமும் வந்தபோது இரண்டாவதும் போயிற்று. கொல்கிறவன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

நம் நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றை மதராஸ் அரசாங்கம் கொண்டு வந்தது. பெயரைக் கேட்டால் ஆஹா என்றிருக்கும். அது காப்பாற்றியது கடமான், வரையாடு போன்றவற்றை. எதற்கு? துரைமார்கள் சுடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டுமே, அதற்கு. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. செந்நாயின் குற்றம் மாட்டைத் தின்றது என்பதைவிட, துரை சுட வைத்திருந்த மானைத் தின்றது என்பதுதான். செந்நாயைக் கொன்றால் பரிசு என்ற வழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. குன்னூரில் வழக்கறிஞராக இருந்த இ.ஆர்.சி. டேவிதார் போன்றவர்கள் பொறுமையாக உட்கார்ந்து கவனித்து எழுதிய பிறகுதான், செந்நாயும் குடும்பமாக வாழும் ஒரு ஜீவன் என்று படித்தவர்களுக்கே உறைத்தது.

அதே மலையில் தோடர்களைப் பாருங்கள். அவர்களுக்கு எருமைதான் தெய்வம், செல்வம், சடங்கு எல்லாம். புலி நடமாடும் புல்வெளியில் காலம் காலமாக எருமை மேய்த்தவர்கள். ஆனால் வேட்டை அவர்கள் வழக்கம் இல்லை. அந்தப் புல்வெளியில் குதிரையேறி, நாய்களை விட்டு நரியைத் துரத்தி விளையாடியவர்கள் ஊட்டி வேட்டைக் கிளப் துரைமார்கள். நம் சென்னையிலும் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே 'மெட்ராஸ் ஹண்ட்' என்று நரி வேட்டை நடந்திருக்கிறது. அந்த நரி யார் வீட்டு ஆட்டையும் தின்றதற்காகத் துரத்தப்படவில்லை. அதன் வம்சம் இன்னமும் கிண்டி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது என்பது ஒரு ஆறுதல்.

"சரி டீச்சர், மாட்டைத் தின்கிற மிருகம் ஒழிந்தால் மனுஷனுக்கு நல்லதுதானே?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா தீவில், முதுகில் புலி போல வரியுள்ள, நாய் போன்ற ஒரு விலங்கு இருந்தது. டாஸ்மேனியப் புலி என்பார்கள். கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும். குடியேறிய வெள்ளையர்கள் ஆடு வளர்த்தார்கள். ஆடு செத்தால் பழி இதன்மேல். 1888 முதல் 1909 வரை அரசாங்கம் தலைக்கு ஒரு பவுண்டு பரிசு கொடுத்தது. கொடுத்த பரிசுகளின் எண்ணிக்கை 2,184. கடைசி விலங்கு 1936 செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் செத்தது. அதற்குப் பாதுகாப்பு தரும் உத்தரவு வந்தது எப்போது தெரியுமா? சாவதற்கு 59 நாள் முன்பு. ஆடுகளை அதிகம் கொன்றது மனிதர்கள் கொண்டுவந்த நாய்களாகவும் இருக்கலாம் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

இரண்டாவது உதாரணம் நம் நாட்டிலேயே. 1907இல் ஜிம் கார்பெட் குமாவுன் மலையில் சம்பாவத் பெண்புலியைச் சுட்டார். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால், வலப் பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. முன்பு யாரோ சுட்ட குண்டு பட்டு உடைந்தது. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று கார்பெட் எழுதினார். அரைகுறையாகச் சுடப்பட்ட ஒரு புலியின் கணக்கு அத்தனை குடும்பங்களின் தலையில் விழுந்தது.

சுட வேண்டாம், பிடித்து வேறு காட்டில் விட்டுவிடலாமே என்றும் செய்து பார்த்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்குள் சிறுத்தைகள் உண்டு. 2001க்குப் பிறகு அவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறிடத்தில் விட்டார்கள். மனிதர்கள் மேல் தாக்குதல் குறையவில்லை, கூடியது. வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவரவர் இடம் பழகிய சிறுத்தையைத் தெரியாத ஊரில் கொண்டுபோய் விட்டால் அது என்ன செய்யும், பாவம்.

இப்போது 1972க்கு வருவோம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். எண்பதாயிரம் புலித் தோலுக்குப் பிறகு வந்த சட்டம், வராமல் இருந்திருந்தால் புலியை நாம் படத்தில்தான் காட்டியிருப்போம். 2006 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 76 புலிகள். 2022இல் 306. படித்தபோது சந்தோஷப்பட்டேன், உங்களில் பலர் பகிர்ந்தும் இருந்தீர்கள்.

ஆனால் இந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவை நான் இப்போதுதான் கவனமாகப் படித்தேன். புலி, சிறுத்தை போல முதல் அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாட, தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். எப்போது? அது மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டால், அல்லது குணப்படுத்த முடியாத நோயோ ஊனமோ இருந்தால். அப்போதும் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்றால்தான் கொல்ல அனுமதி. அதே பிரிவில், தன்னையோ இன்னொரு மனிதரையோ காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்றும் இருக்கிறது. மனிதர் என்றுதான் இருக்கிறது. மாடு இல்லை.

அப்படியானால் எங்கள் அப்புச்சி ஊர்க் கல்லில் நிற்கிறவர் இன்று பட்டியைக் காக்கப் புலியைக் குத்தியிருந்தால்? அவர்மேல் வழக்கு. இதைச் சட்டத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. மாட்டுக்காகக் கொல்லலாம் என்று ஒரு வரி சேர்த்தால், பரிசுப் பணக் காலம் வேறு பெயரில் திரும்பிவிடும். எந்தப் புலி எந்த மாட்டை அடித்தது என்று யார் சாட்சி சொல்வது? எனவே கோடு அங்கே போட்டது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கோடு போட்டவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளை மறந்துவிடக் கூடாது.

மனித உயிர் என்று வந்தபோது எப்படி நடந்தது என்று 2021இல் பார்த்தோம். கூடலூர், மசினகுடி பக்கம் டி23 என்ற புலி. நான்கு பேரைக் கொன்றதாகச் சொன்னார்கள், மாடுகள் தனி. அக்டோபர் முதல் தேதி வேட்டையாட உத்தரவு. சென்னை உயர் நீதிமன்றம் உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது. கும்கி யானை, மோப்ப நாய், கேமரா என்று காடு முழுக்கத் தேடி, அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். ஒரு புலிக்காக அத்தனை பேர், அத்தனை நாள். நான் டிவியில் பார்த்துக் கைதட்டினேன். பாலவாக்கத்தில் உட்கார்ந்து கைதட்ட எனக்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆனால் 2023 செப்டம்பரில், அதே நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு பக்கம் ஓடையருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. அருகில் ஒரு மாட்டின் உடல், அதில் விஷம். மாட்டைப் பறிகொடுத்த விவசாயி கைதானார். அந்தச் செய்தியைப் படித்தபோது "என்ன மனுஷனோ" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினேன். போன மாதம் என் மாணவி போன் செய்தபோதுதான் அந்த விவசாயிக்கு முகம் வந்தது. அவர் செய்தது தப்புதான். ஆனால் அந்தத் தப்பு வரும் வழியில் நாமும் நிற்கிறோம்.

காட்டுக்குள் மாட்டை ஓட்டினால் புலி அடிக்கத்தான் செய்யும் என்று சிலர் சொல்வார்கள். பர்கூர் மலைமாட்டுக்காரர்கள் காட்டுக்குள்ளேயே பட்டி போட்டு மேய்க்கிறவர்கள். அவர்கள் விஷயம் வேறு, அது பரம்பரை மேய்ச்சல் உரிமை பற்றிய பெரிய வழக்கு. 2022இல் உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. என் மாணவி எந்தக் காட்டுக்கும் போகவில்லை. அவள் கொட்டகைக்குள்தான் சிறுத்தை வந்தது.

இப்போது என் பதிலுக்கு வருகிறேன். மாட்டைக் காக்கச் சிறுத்தையைக் கொல்லலாமா கூடாதா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் சண்டைதான் மிஞ்சும். கல்லில் இருந்த மூன்றாவது விஷயத்தைத்தான் நாம் தொலைத்துவிட்டோம். அன்று பட்டியைக் காத்தவனுக்கு ஊர் கடன்பட்டது. இன்று சிறுத்தையைக் கொல்லாமல் விடுகிறவளுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. காடு பிழைத்தால் ஆறு பிழைக்கும், அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் எல்லோருக்கும் லாபம். நஷ்டம் மட்டும் ஒரே வீட்டுக் கொட்டகையில்.

கடனை அடைக்க வழி இல்லாமலும் இல்லை. லடாக்கில் பனிச்சிறுத்தை பட்டிக்குள் இறங்காதபடி மேலே கம்பி வலையும் நல்ல கதவும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பிதி பள்ளத்தாக்கில் கிப்பர் கிராம மக்கள் தாங்களே சந்தா போட்டுக் கால்நடைக் காப்பீடு நடத்துகிறார்கள். நம் மாநிலத்திலும் நிவாரணம் உண்டு. என் மாணவி போட்டோ எடுத்து, கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கி, மனு கொடுத்துவிட்டாள். பணம் இன்னும் வரவில்லை. வந்தாலும் சினைக் கிடாரி விலைக்கு வராது என்கிறாள். காலையில் போனதற்கு மாலைக்குள் பதில் கிடைக்கிற ஊரில் யாரும் மருந்து டப்பாவைத் தேட மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அப்புச்சி ஊர்ப் பக்கம் இப்போது புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. ஆனாலும் வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்தில் பட்டிகளில் ஆடுகள் செத்துக் கிடக்கின்றன. தெருநாய்கள். செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்ததைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: எங்கள் நஷ்டம் யார் கணக்கு? மிருகத்தை ஒழித்தாலும் கேள்வி ஒழியவில்லை.

போன வாரம் நானே அவளுக்குப் போன் செய்தேன். அன்று அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள். "மருந்து வைக்கல டீச்சர்" என்றாள். "நல்ல வேளை, சட்டம் சொன்னதைக் கேட்டியே" என்றேன்.

"சட்டத்துக்காக இல்ல டீச்சர். அந்தப் பக்கம் எங்க நாய் போகும், காட்டுப்பன்னி போகும், கழுகு வந்து உட்காரும். பசங்க விளையாடப் போகுங்க. மருந்துக்கு யாருன்னு தெரியுமா? என் கிடாரியைக் கொன்னது ஒரு சிறுத்தை. நான் எத்தனை பேரைக் கொல்றது?"

எத்தனையோ புத்தகம் படித்து நான் வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் அன்று ராத்திரியே வந்துவிட்டாள். வரலாற்றில் அவளுக்கு நான் போட்ட மார்க் குறைவு என்று இப்போது நினைக்கிறேன்.

கொட்டகைக்கு இரும்புச் சட்டமும் கம்பி வலையும் உள்ள கதவு போட வேண்டும். அவளுடைய வகுப்புத் தோழர்கள் சிலரிடம் பேசிவிட்டேன், கதவுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. அவள் பெயரைக் கேட்டு எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு அது பிடிக்காது. மலையோரம் மாடு வளர்க்கிற சொந்தமோ நட்போ உங்களுக்கும் யாராவது இருப்பார்கள். அவர்கள் கொட்டகைக் கதவு எப்படி இருக்கிறது என்று இந்த வாரம் ஒரு தடவை விசாரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்,
பாலவாக்கம்